பச்சை அம்பு தெரியாத வெள்ளிக்கிழமைகள்

கொஞ்சம் நகர்ந்து இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. காற்றாடிக் காற்று இங்கேதான் நேராக வருகிறது. நாளெல்லாம் வேலை பார்த்துக் களைத்திருப்பீர்கள், காலை நீட்டிக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு பிக்கப் வண்டியின் கதை சொல்கிறேன். அதில் ராஜாவும் இல்லை, பேயும் இல்லை. ஒரு மனிதர் தன் கண்ணையே நம்ப முடியாமல் ஏழு வாரம் தவித்த தவிப்புதான் கதை. நடுவில் மனசு பதறினால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மருதப்பனுக்கு அறுபத்து நான்கு வயது. ஆங் மோ கியோவில் வீடு. கடைகளுக்கு இரும்பில் ரோலர் ஷட்டர் இருக்கிறதல்லவா, அதைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். காலையில் தேக்கா பக்கம் ஒரு நகைக்கடை ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டு, முதலாளி குனிந்தபடி உள்ளே போகிறார் என்றால், அடுத்த அரை மணியில் மருதப்பனின் பிக்கப் அங்கே நிற்கும். கூட வேலை செய்பவர் ஜாஃபர். பதினெட்டு வருஷப் பழக்கம். வாய் ஓயாது, கையும் ஓயாது. ஆனால் ஜாஃபருக்கு வண்டி ஓட்டும் உரிமம் கிடையாது. மூன்று முறை தேர்வுக்குப் போய் மூன்று முறையும் கம்பத்தை இடித்துவிட்டு வந்தவர். ஆகவே மருதப்பன் ஸ்டீயரிங்கைப் பிடித்தால்தான் இரண்டு வீட்டு அடுப்பும் எரியும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பிக்கப் இருபது வருஷம் முடிந்து ஸ்கிராப்புக்குப் போனது. அதில் மீட்டருக்கு மேலே, கண்ணுக்கு நேராக, மாவிலை அளவில் இரண்டு பச்சை அம்புகள் இருந்தன. சிக்னல் போட்டால் டிக் டாக் சத்தம் பின்னால் ஏற்றியிருக்கும் இரும்புக்கே கேட்கும். புது வண்டியில் மீட்டர் என்று ஒன்றும் இல்லை. கண்ணாடிப் பலகை போல ஒரு திரை. அம்பு அதன் அடி மூலையில், சீரகம் அளவில். அதையும் ஸ்டீயரிங் வளையம் மறைத்துவிடும். பார்க்க வேண்டுமானால் தலையைத் தாழ்த்தி, மோவாயை நீட்டி, மறுபடி நிமிர வேண்டும். சத்தமோ, பஞ்சில் ஊசி விழுந்த மாதிரி. முப்பது வருஷம் ஷட்டர் இரைச்சலில் கிடந்த காதுக்கு அது எங்கே கேட்கும்?

"அண்ணே, வண்டி ஓட்றீங்களா, இல்ல கோழி மாதிரி தண்ணி குடிக்கிறீங்களா?" என்று ஜாஃபர் சிரித்தார்.

"இத இங்க வச்சவன் ஒருநாளாவது வண்டி ஓட்டியிருப்பானாடா?" என்றார் மருதப்பன். "சட்டைப் பையைக் கொண்டுபோய் முதுகுல தச்ச மாதிரி வச்சிருக்கான்."

வண்டி விற்றவர் மட்டும் பெருமையாகச் சொல்லியிருந்தார்: "எல்லாம் ஆட்டோ, அங்கிள். லைட்டு ஆட்டோ, வைப்பர் ஆட்டோ. நீங்க ஒண்ணும் தொட வேணாம்லா."

வண்டிக்குப் பூஜை போட்ட அன்று மருதப்பனின் மனைவி சுதா முருகன் படத்தை வைக்க இடம் தேடினார். பழைய வண்டியில் நட்டநடுவே இருந்த இடத்தைப் புதியதில் ஒரு பெரிய திரை பிடித்துக்கொண்டது. கடைசியில் முன்கண்ணாடி ஓரமாகச் சமதளமாக ஓர் இடம் கிடைத்தது. அங்கே பாதி நாவல்பழம் போல ஒரு கருப்புக் குமிழ் இருந்தது. அதன் பின்னால் படத்தை நிறுத்தினார். சறுக்காமல் நின்றது.

"பாருங்க, முருகனுக்குன்னே முட்டுக் குடுத்து வச்ச மாதிரி இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும், அடுக்குமாடிக் கார் நிறுத்தத்துக்குச் சுதாவே இறங்கி வந்து, வாடிய பூவை எடுத்துவிட்டு, முருகன் காலடியில் புதுக் கதம்பம் சுற்றி வைப்பார். பிறகுதான் வண்டி கிளம்பும்.

முதல் வெள்ளிக்கிழமை வண்டி கார் நிறுத்தத்தை விட்டு வெயிலுக்கு வந்ததும் மருதப்பன் தலையைத் தாழ்த்தித் திரையைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அம்பு மட்டுமல்ல, வேகம் காட்டும் எண்ணும் தெரியவில்லை. சாம்பல் பூத்த மாதிரி ஏதோ இருந்தது. கண்ணைக் கசக்கினார். வெயில் கூச்சம் என்று நினைத்துக்கொண்டார். திங்கட்கிழமைக்குள் சரியாகிவிட்டது. மறுபடி வெள்ளிக்கிழமை வந்தது, மறுபடி சாம்பல்.

"அண்ணே, பட்டப்பகல்ல நம்ம லைட்டு எரியுது. முன்னால கண்ணாடிக் கடையில தெரியுது பாருங்க" என்றார் ஜாஃபர் அன்று.

"புது வண்டிங்க எல்லாம் அப்படித்தான். பகல்லயும் எரியும்" என்று மருதப்பன் வாயை அடைத்தார். அவருக்கு லைட்டைப் பற்றிப் பேச நேரமில்லை. தன் கண்ணைப் பற்றி நினைக்கவே நேரம் சரியாக இருந்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை சைனாடவுன் பக்கம் ஒரு வேலை. விரைவுச்சாலைச் சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்த நொடி, திரையில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. எண் தெரிந்தது, அம்பு தெரிந்தது, எண்ணெய் அளவு தெரிந்தது. மருதப்பனுக்கு உயிர் வந்தது. சுரங்கத்தை விட்டு வெளியே வந்தார்கள். எல்லாம் போய்விட்டது. இருட்டில் தெரிகிறது, வெளிச்சத்தில் தெரியவில்லை. போன வருஷம் சுதாவுக்குக் கண்புரை வந்தபோதும் அவர் இதைத்தானே சொன்னார், வெயிலில்தான் ரொம்ப மங்குகிறது என்று?

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? சுதா அழுவார். ஜாஃபரின் மகள் அஃப்னா இப்போதுதான் ஜூனியர் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். அதோடு, மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. அறுபத்தைந்து வயது நிறைவதற்குள் மருத்துவரிடம் போய்ப் பரிசோதனை செய்து படிவத்தை அனுப்பினால்தான் உரிமம் நீடிக்கும். பிறந்தநாளுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. மருதப்பன் அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டுபோய், இடப்பக்க இருக்கைக்கு எதிரே சாமான் வைக்கும் முன்னறைக்குள் இருந்த தடித்த வழிகாட்டிப் புத்தகத்தின் நடுவே சொருகி மூடினார். ஆங்கிலத்தில் நானூறு பக்கம். அதைத் திறந்து பார்க்க யாருக்கு மனசு வரும்?

நான்காவது வெள்ளிக்கிழமைதான் அது நடந்தது. சிராங்கூன் சாலையில் ஒரு டாக்சியைத் தாண்ட இடப்பக்கம் சிக்னல் போட்டவர், அது அணைந்ததா என்று தெரியாமல் நேரே ஓட்டிக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தார், சாம்பல். காதைத் தீட்டினார், பஞ்சு. வீராசாமி சாலை முனையில் நின்ற ஒரு மோட்டார் சைக்கிள்காரர், இந்த வண்டி உள்ளே திரும்பப் போகிறது என்று நம்பி வெளியே வந்துவிட்டார். மருதப்பன் பிரேக்கை மிதித்த மிதியில் பின்னாலிருந்த இரும்புச் சட்டமெல்லாம் ஒரே இடி. மோட்டார் சைக்கிளின் கைப்பிடிக்கும் பிக்கப்பின் மூக்குக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

அந்த மனிதர் தலைக்கவசக் கண்ணாடியைத் தூக்கினார். உதடு வெளுத்திருந்தது. "சிக்னல் போட்டுட்டு நேரா வர்றீங்களே அங்கிள்! எனக்கு வீட்ல ரெண்டு பிள்ளைங்க இருக்கு!"

திட்டியிருந்தால் தேவலை. அந்த இரண்டு பிள்ளைகளும் அன்றிலிருந்து மருதப்பனின் தூக்கத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை யாருக்கும் தெரியாமல் தேக்காவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனார். கடைக்காரர் ரியாஸ் எழுத்துப் பலகையைக் காட்டினார். மருதப்பன் கடைசி வரிவரை படித்தார். கருவியில் மோவாயை வைக்கச் சொன்னார், வைத்தார்.

"நூறு வயசு வரைக்கும் ஊசியில நூல் கோக்கலாம், அங்கிள்" என்றார் ரியாஸ். "லேசா புரை ஆரம்பிக்குது. அது இந்த வயசுல எல்லாருக்கும் உள்ளதுதான். தூரப் பார்வை சூப்பர்."

வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். மருதப்பனுக்குப் பயம்தான் கூடியது. கண் நன்றாக இருக்கிறதென்றால், கோளாறு எங்கே? கண்ணுக்குப் பின்னால் இருக்கிறதே, அங்கேயா? அவருடைய அண்ணன் இராமசாமி இதே வயதில்தான், மின்தூக்கியிலிருந்து இறங்கித் தன் வீட்டுக் கதவு எது என்று தெரியாமல் நடைபாதையில் நின்றார். பிறகு பிள்ளைகளின் பெயரும் போனது.

அதன்பின் மருதப்பன் வண்டி ஓட்டும்போது வாய்க்குள் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தார். பதினேழாம் வாய்ப்பாடு. எங்காவது தடுக்குகிறதா என்று தன்னைத்தானே சோதிப்பது.

"என்னண்ணே, நாளைக்கு உங்களுக்கு ஆறாம் வகுப்பு பிஎஸ்எல்ஈ பரீட்சையா?" என்றார் ஜாஃபர்.

"பேசாம வாடா."

"பதினேழு எட்டு நூத்தி முப்பத்தாறு. நீங்க நூத்தி இருபத்தாறுன்னீங்க."

மருதப்பன் மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்தார். ஜாஃபர் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அன்று முழுக்க மருதப்பன் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு ஒன்று தோன்றியது. ஏன் வெள்ளிக்கிழமை? வெள்ளி மோசம், சனி மோசம், ஞாயிறு பரவாயில்லை, செவ்வாய் தெளிவு. வெள்ளிக்கிழமை அவர் மதியம்வரை விரதம். வெறும் கோப்பிதான். ஒருவேளை சர்க்கரை இறங்குகிறதோ? அடுத்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஜாஃபரை வேலையில் விட்டுவிட்டு, மூலைக் கடையில் திருடன் போல உட்கார்ந்து ஒரு முட்டை பிராட்டா சாப்பிட்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்தார். திரை அதே சாம்பல். கண்ணுக்கும் வழியில்லை, விரதமும் போச்சு. முருகன் படத்தைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

வீட்டில் அவர் பேச்சு குறைந்தது. சுதா கவனித்தார். "ஏங்க, மேலுக்கு முடியலையா?" என்றால், "ஒண்ணுமில்ல, மனசு சரியில்ல" என்பார். அந்த அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். முருகனுக்கு வைக்கும் பூவை இரண்டு முழமாக்கினார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமையும் மருதப்பனுக்குத் திரை தெரியவில்லை. முற்றிவிட்டது என்று முடிவு செய்துகொண்டார். இனி வண்டியைத் தொடக் கூடாது, இந்த வாரத்தோடு சரி. மோட்டார் சைக்கிள்காரரின் பிள்ளைகள் இரண்டு பேரும் தூக்கத்தில் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஏழாவது வெள்ளிக்கிழமை. பிறந்தநாளுக்கு நான்கு நாள். ஜாஃபர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். உச்சிகால பூஜைக்குத் தோ பாயோ கோயிலுக்குப் போக வேண்டும் என்று சுதா ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக ஒரு தடவை, கோயிலுக்குத்தானே என்று மருதப்பன் அழைத்துக்கொண்டு கிளம்பினார். சைக்கிள் வேகத்தில், இடது ஓரமாக, ஒரு கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி ஓட்டினார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கோயில் பக்கம் திறந்தவெளியில் வண்டியை நிறுத்தினார். உச்சி வெயில். இன்ஜினை அணைக்கக் கைவரவில்லை. அணைத்தால் அதுவே கடைசி என்று தோன்றியது. சுதா விபூதிப் பொட்டலம் தேடி முன்னறையைத் திறந்தார். வழிகாட்டிப் புத்தகம் மடியில் விழுந்து, அதன் நடுவிலிருந்து படிவம் நழுவியது.

"இது என்னங்க? லைசென்ஸ் டெஸ்ட்டு... இன்னும் நாலு நாள்தானே இருக்கு! ஏன் போகல?"

மருதப்பன் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உங்களத்தான்."

"எனக்குத் தெரியல, சுதா."

"என்ன தெரியல?"

"இதுல இருக்குற ஒண்ணுமே தெரியல. ஏழு வாரமாச்சு. கண்ணு டாக்டர் மாதிரி மெஷின் வச்சுப் பாத்தவன் கண்ணு நல்லா இருக்குங்குறான். அப்ப மூளைதான். அண்ணனுக்கு வந்த மாதிரி. ஒருத்தன அடிச்சுக் கொன்னிருப்பேன் தெரியுமா? ஒரு சாண். ஒரு சாண்ல தப்பிச்சான்."

சுதா அழவில்லை. அவர் அழுவார் என்று மருதப்பன் ஏழு வாரம் பயந்ததெல்லாம் வீண். "இறங்குங்க" என்றார். "நான் உக்காந்து பாக்குறேன். எனக்குப் போன வருஷம்தானே ரெண்டு கண்ணுலயும் புது லென்ஸ் வச்சாங்க. நான் சொல்றேன் என்ன தெரியுதுன்னு."

மருதப்பன் வெயிலில் இறங்கி நின்றார். சுதா ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். மருதப்பன் கையை நீட்டிச் சிக்னலைப் போட்டார். "இப்ப பச்சை அம்பு அடிக்கும். தெரியுதா?"

சுதா குனிந்தார். மோவாயை நீட்டினார். வளையத்துக்கு மேலே பார்த்தார், ஊடே பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"எனக்கும் தெரியலைங்க."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு வந்தது இவளுக்கும் வந்துவிட்டதா என்று மருதப்பன் பயந்துபோனார். சுதாவுக்கு வேறு வழி தோன்றவில்லை. முருகன் காலடியில் கிடந்த இரண்டு முழக் கதம்பத்தையும் இரு கையாலும் அள்ளினார். கதவுப் பக்கம் திரும்பி, "கிட்ட வாங்க" என்று சொல்லி, கணவரின் மூடிய கண்களில் அந்தப் பூவை ஒற்றினார். பிறகு தன் கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

கண்ணைத் திறந்தால், திரை முழுக்க வெளிச்சம்! வேகத்துக்குச் சுழியம், எண்ணெய்க்கு அரை அளவு, அடி மூலையில் சீரகம் போல ஒரு பச்சை அம்பு, விட்டு விட்டுத் துடிக்கிறது.

"முருகா!" என்றார் சுதா. மருதப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்க அழுதுவிட்டார்.

சுதா நன்றியோடு பூவைப் பழையபடி முருகன் காலடியில் வைத்தார். இரண்டு மூன்று மூச்சு விட்டிருப்பார். திரை சாம்பலானது.

சுதா பூவைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மெதுவாகப் பூவை எடுத்தார். வெளிச்சம் வந்தது. வைத்தார். போனது. மூன்றாவது முறை எடுக்கும்போது பூவுக்கடியில் இருந்த அந்தக் கருப்புக் குமிழ் மேல் விரலை மட்டும் வைத்துப் பார்த்தார். போனது. விரலை எடுத்தார். வந்தது.

"ஏங்க," என்றார் மெல்லிய குரலில், "இது முட்டு இல்லைங்க."

அவ்வளவுதான் விஷயம், செல்வங்களே. பகலா இரவா என்று வண்டி பார்த்துத் தெரிந்துகொள்ளும் கண் அது. அதை மூடினால் வண்டிக்கு இரவாகிவிடும். முன்விளக்கை ஏற்றிக்கொள்ளும், ஓட்டுபவர் கண் கூசாமலிருக்கத் திரையை மங்கலாக்கிக்கொள்ளும். அந்த மங்கல் வெளிச்சம் சுரங்க இருட்டில் தெரியும், வெயிலில் தெரியாது. வெள்ளிக்கிழமைப் பூ செழிப்பாக மூடியது. செவ்வாய்க்குள் அது வாடிச் சுருங்க, குமிழ் எட்டிப் பார்த்தது. பூ இரண்டு முழமானதும் செவ்வாயிலும் விடியவில்லை. கார் நிறுத்தத்தின் இருட்டில் எல்லாம் சரியாகத் தெரிந்ததால், பூ வைத்த சுதாவுக்கும் சந்தேகம் வரவில்லை. மருதப்பன் படிவத்தை ஒளித்து வைத்த புத்தகத்தில் படத்தோடு எழுதியிருந்தது இது.

தொழுகை முடிந்து வந்த ஜாஃபரை அன்று சாயங்காலம் வண்டியில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார்கள். ஜாஃபர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, உண்மையச் சொல்லட்டா? பூ வைக்கிற அன்னைக்குத்தான் பகல்ல லைட்டு எரியுதுன்னு எனக்கு மூணாவது வாரமே தோணுச்சு."

"அப்பவே சொல்றதுக்கு என்னடா?"

"உங்க சாமி, அண்ணி வச்ச பூ. நான் போயி அது மேல கைய வைக்கவா? பூவ எடுங்கன்னு நான் சொல்லலாமா? லைட்டுதானே, எரிஞ்சிட்டுப் போவுதுன்னு விட்டுட்டேன்." ஜாஃபரின் குரல் இறங்கியது. "கண்ணு தெரியலன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் சும்மா இருக்கப் போறேன்? பதினெட்டு வருஷம் பக்கத்துலயே உக்காந்து வர்றேன். எங்கிட்டக் கூடச் சொல்லலையேண்ணே."

மருதப்பன் ஜாஃபரின் கையைப் பிடித்து அழுத்தினார். சுதாதான் முருகன் படத்தை எடுத்து ஜாஃபரிடம் நீட்டினார். "நீங்களே ஒரு நல்ல இடமாப் பாத்து வைங்க தம்பி. தொடலாம், முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு." ஜாஃபர் தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துவிட்டு, இடப்பக்கம் முன்னறைக்கு மேலே, எதையும் மறைக்காத இடத்தில் வைத்தார். அதன்பின் வண்டியைச் சுற்றி வந்து ஸ்டீயரிங் வளையத்தைத் தாழ்த்தி, இருக்கையை ஒரு விரல்கடை உயர்த்திக் கொடுத்தார். "இப்ப குனியாமப் பாருங்க. கோழி மாதிரி இல்ல, கொக்கு மாதிரி கழுத்த நீட்டினாலே போதும்."

திங்கட்கிழமை மருதப்பன் தோ பாயோவில் ஒரு கிளினிக்குக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டார். எல்லாம் சரி என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டார். ஞாபகத்தைச் சோதிக்க ஏதாவது கேளுங்கள் டாக்டர் என்று இவரே வற்புறுத்திக் கேட்டு, பதினேழாம் வாய்ப்பாட்டை ஒப்பித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். ஆனாலும் சிக்னல் போட்டால் இன்றைக்கும் அவர் மனசு ஒரு நொடி பதறத்தான் செய்கிறது. அம்பு அதே அடி மூலையில்தானே இருக்கிறது? அதனால் ஜாஃபர் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்: "அணைஞ்சிருச்சுண்ணே, போங்க."

நேரமாகிவிட்டது, எழுந்திருங்கள் செல்வங்களே. உங்கள் வீட்டில் யார் மனசிலாவது பயம் ஒளிந்திருந்தால், அது ஏழு வாரம் காத்திருக்காமல் இன்றைக்கே வாய் திறந்து வெளியே வரட்டும். சொல்ல ஒரு நாவும், கேட்க ஒரு காதும் உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். வண்டியில் போன பிள்ளைகள் எல்லோரும் சாயங்காலம் முழுசாகத் திரும்பி வந்து கதவைத் தட்டட்டும். நீங்கள் வைக்கும் பூ வாடாமல் மணக்கட்டும், உங்கள் வீட்டு விளக்கு எதுவும் மறையாமல் எரியட்டும்.